தண்ணீர்விட்டான் கிழங்கும் அல்சர் என்ற பொய்யும்

1

போன செவ்வாய்க்கிழமை இங்கே சுங்க அலுவலகத்தில் ஒரு பெரிய அதிகாரியைக் காது வரைக்கும் சிவக்க வைத்துவிட்டு வந்தேன். முப்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு சாதனை.

மேற்கு மாம்பலத்திலிருந்து என் அக்கா வத்சலா ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். வெள்ளைத் துணிக்குள் வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை குத்தி, மேலே தின்பண்டம் என்று ஆங்கிலத்தில் எழுதிய பார்சல். ஸ்டுட்கார்ட் சுங்கத்துக்கு அக்காவின் தையல் பிடிக்கவில்லை. நேரில் வந்து பிரித்துக் காட்டும்படி கடிதம் போட்டார்கள். ஜெர்மன்காரர்கள் கடிதம் போட்டால் போய்த்தான் ஆக வேண்டும். பதினைந்து வருடத்தில் இந்த ஒன்றை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பிரித்தால் மூன்று பொட்டலம். ஒன்று கறுப்பு உளுந்து அரைத்த மாவு. இன்னொன்று எள்ளுப் பொடி. மூன்றாவது வெள்ளையாக, நைசாக, இரட்டைப் பாலிதீன் பைக்குள் ரப்பர் பாண்டு போட்டு இருந்தது. அதிகாரிக்கு மற்ற இரண்டும் கண்ணில் படவே இல்லை. வெள்ளைப் பொட்டலத்தை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இது என்ன?” என்றார்.

“ஒரு கிழங்குப் பொடி.”

“எதற்கு?”

“மாதவிடாய் வலிக்கு. இதில் பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்கிற ஏதோ ஒன்று இருக்கிறது. அது நல்லது செய்கிறதா கெடுதல் செய்கிறதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

இத்தனையும் ஜெர்மனில். வரிசையில் எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். மனிதர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுச் சட்டென்று முத்திரை குத்திக் கொடுத்தார். பொடி யாருக்கு என்று கடைசியாக ஒரு கேள்வி இருந்தது போலிருக்கிறது, அதைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் மகள் அனுவுக்கு. பதினான்கு வயது. மூன்று மாதமாக மாதத்தில் இரண்டு நாள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடக்கிறாள். டாக்டரிடம் வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருந்தேன். அதற்குள் இந்தப் பொடியைக் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஏனென்றால் இதே பொடியை நான் சாப்பிட்டிருக்கிறேன். சரியாக மூன்று வருடம் முன்பு, இதே வாரத்தில்தான், தி. நகரில் ஒரு நர்சிங் ஹோமில் என் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

இதைப் படித்து முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம். ‘வெளிநாட்டில் வாழ்கிறீர்களே, அனுபவம் எழுதுங்கள்’ என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் கேட்டார். பனியைப் பற்றியும் ரயில் நேரத்துக்கு வருவதைப் பற்றியும் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

2

இந்த ஊருக்கு வந்து நான் முதலில் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்ட ஜெர்மன், வலியைப் பற்றிய ஜெர்மன். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் கேட்டு வெள்ளரிக்காயை வாங்கி வந்த காலத்திலேயே, குத்தும் வலி, இழுக்கும் வலி, பரவும் வலி எல்லாவற்றுக்கும் எனக்கு வார்த்தை தெரியும். டாக்டரம்மா ஒரு எண் கேட்பார். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு? நான் ஒன்பது என்பேன். பிரசவத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பார். ஏழு என்பேன். அவர் எழுதிக்கொள்வார்.

அந்த வார்த்தைகளில் எனக்கு வெட்கமே இல்லை. அவை என்னைத் திட்டியதில்லை, என்னை மூலையில் உட்கார வைத்ததில்லை. அறைக்குள் ஆண் பயிற்சி டாக்டர் நின்றாலும் நான் பாட்டுக்குப் பேசுவேன்.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய சவ்வு வழி தவறி, வெளியே சினைப்பையிலும் குடலிலும் போய் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. மாதாமாதம் உள்ளே என்ன நடக்கிறதோ அது அங்கேயும் நடக்கிறது. உள்ளே கசிகிற ரத்தத்துக்கு வழி உண்டு, அங்கே கசிவதற்குப் போக்கிடம் இல்லை. அப்படியே தங்கிக் கட்டியாகிறது. இதற்குத் தீனி நம் உடம்பிலேயே ஊறுகிற ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன்.

மூன்று வருடம் முன்பு, 96-இல், டாக்டரம்மா ஒரு ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தார். அடக்கி வைக்கும், அவ்வளவுதான் என்றார். மாத்திரை என்னைப் பானை மாதிரி ஊத வைத்தது, எதற்கெடுத்தாலும் அழ வைத்தது. அந்தச் சமயத்தில் இங்கே ஆரோக்கிய உணவுக் கடை ஒன்றில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தது. சோயாவிலும் எள்ளிலும் ஆளி விதையிலும் தாவர ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதாம், இயற்கையானதாம், பெண்களின் எல்லாத் தொல்லைக்கும் நல்லதாம். அதை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய், ஈஸ்ட்ரோஜனில் வளர்கிற நோய்க்கு ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகச் சாப்பிடலாமா என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. உடம்பில் ஹார்மோன் வந்து உட்காரச் சில இடங்கள் இருக்கின்றன என்றார். தாவரத்தில் இருப்பது பலம் குறைந்தது. அது முதலில் போய் உட்கார்ந்துகொண்டால் பலமானதற்கு இடம் இருக்காது, நோய்க்குத் தீனி குறையும். ஆனால் இடமெல்லாம் காலியாகக் கிடந்தால், அந்தப் பலம் குறைந்ததும் தன் பங்குக்குத் தீனி போடும். “உங்கள் உடம்பில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்னும் யாருக்குமே சரியாகத் தெரியாது. முயற்சி செய்வதானால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், என்னிடம் சொல்லாமல் எதுவும் செய்யாதீர்கள்” என்றார்.

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்வதை அதுவரை நான் கேட்டதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை பிறந்தது. என் நிலைமை அப்படி. தெரியாது என்றால் நடக்கலாம் என்றுதான் என் காதில் விழுந்தது.

கோடை விடுமுறைக்கு அனுவை அழைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினேன். என் கணவர் சேகருக்கு லீவு கிடைக்கவில்லை.

3

அம்மா போன பிறகு என்னை வளர்த்ததே அக்காதான். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரசுரத்தில் இருந்ததை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது சமையலறையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

“உளுந்தும் எள்ளும் சாப்பிடுன்னு சொல்றதுக்கு ஜெர்மனியாடி வேணும்? வயசுக்கு வந்த அன்னிக்கு உனக்குக் களி கிண்டிப் போட்டேனே, தூக்கிக் கொட்டினியே, ஞாபகம் இருக்கா?”

அந்த இடம் பிடிக்கிற விஷயத்தைச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டாள். “பஸ் ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கற மாதிரி. தடியன் வந்து உட்கார முடியாது. அதானே?” என்றாள். டாக்டரம்மா கால் மணி நேரம் விளக்கியதை அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டாள். பஸ்ஸே காலியாக இருந்தால் என்ன ஆகும் என்கிற பாதியை மட்டும் நான் அவளிடம் அழுத்திச் சொல்லவில்லை.

வீட்டில் ஒரு பொய் தயாராக இருந்தது. ராஜிக்கு, அதாவது எனக்கு, அல்சர். இதைச் சொல்லிவிட்டால் உறவில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். எதிர் வீட்டு மாமி மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்தார். நந்தனத்துச் சித்தப்பா ஒரு தூக்கு நிறைய மோர் கொடுத்தனுப்பினார். மாம்பலத்தில் அல்சருக்குக் கிடைக்கிற மரியாதை கர்ப்பப்பைக்குக் கிடையாது. பதினோரு வயது அனுவுக்கும் அதையே சொல்லி வைத்தோம். அம்மாவுக்கு வயிற்றில் புண், காரம் ஆகாது. அவளும் சமர்த்தாக என் தட்டிலிருந்து ஊறுகாயை எடுத்துவிடுவாள்.

முதல் வாரமே அக்கா என்னை மயிலாப்பூரில் ஒரு சித்த வைத்தியரிடம் கூட்டிப் போனாள். அவளுடைய ஹெட்மிஸ்ட்ரஸுக்குத் தூரத்துச் சொந்தம். ஆட்டோவில் போகும்போதே சொல்லிவிட்டாள்.

“நீ ஒண்ணும் பேச வேண்டாம், நான் சொல்லிக்கறேன். உன் ஜெர்மன் டாக்டர்கிட்ட பேசற மாதிரி இங்கே போட்டு உடைச்சிடாதே. நாளைக்கு ஸ்டாஃப் ரூம் முழுக்க இதான் பேச்சா இருக்கும். பொண்ணு வேற வெச்சிருக்கே. தாய்க்கு அந்த வியாதின்னு தெரிஞ்சா நாளைக்கு அவளை யார் எடுப்பா?”

“அக்கா, அவளுக்குப் பதினொண்ணுதான் ஆகறது.”

“ஆமா, அப்படியே பதினொண்ணுலயே நின்னுடுவா பாரு.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “கொளத்தாண்ட நிறுத்தவா, சந்துக்குள்ள போவணுமா?” என்றார். அக்கா சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

வைத்தியருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிதர், சாந்தமான முகம். நாற்காலியில் அக்கா, ஸ்டூலில் நான். என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, “என்ன பண்ணுது?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ரெண்டாவது நிக்கலைங்க. மூத்தவளுக்குப் பதினோரு வயசாச்சு” என்றாள் அக்கா.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்பட்டு வெகுநாள் ஆகிவிட்டது. ஆனால் ஒரு வைத்தியரிடம் பெண்கள் விஷயமாகப் போனால் வாய்விட்டுச் சொல்லக்கூடியது எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். குழந்தை என்பது கௌரவமான வியாதி.

“மாசாமாசம் வலி உண்டா?”

“எல்லாருக்கும் இருக்கறதுதானுங்க.”

“வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறாங்களா?”

“இல்லைங்க.”

ஆண் டாக்டர் முன்னால் கால் விரித்துப் படுத்துக்கொண்டே ஒன்பது என்று சொன்னவள் நான். அந்த ஸ்டூலில் முப்பத்தாறு வயதில் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். தலையை வேறு ஆட்டினேன். அவர் ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொண்டு, தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி கொடுத்தார். பாலில் கலந்து இரண்டு வேளை. கர்ப்பப்பைக்குப் பலம் என்றார்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே ஜெர்மன் மாத்திரையை நிறுத்தினேன். காரணத்தைக் கேட்டால் அடிக்க வருவீர்கள். வேறு மருந்து எடுக்கவில்லை என்று அக்கா சொல்லிவிட்டாளே, அவள் சொன்னது பொய்யாகக் கூடாது என்று.

4

முதல் மாதம் வலி நான்கு. நான்கு! நம்ப முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஊதின உடம்பு வடிந்தது. முகம் தெளிந்தது. காலையில் உளுந்தங்களி, நடுவில் நல்லெண்ணெய்க் குழி. மாலையில் எள்ளுருண்டை. தோசை மாவில் சோயா மாவைக் கலந்து அக்கா வார்த்த தோசை கல்லை விட்டு வரவே வராது, சுரண்டிச் சாப்பிட்டோம். இரண்டு வேளை கிழங்குப் பொடி. சேகருக்குப் போன் செய்து, இனிமேல் அந்த மாத்திரையும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்றேன். அவர் டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டார். ஐ.எஸ்.டி. லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது மாதம், ஊருக்குத் திரும்ப ஒன்பது நாள் இருந்தபோது, அனுவுக்குப் பாவாடை வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போனோம். நானும் அவளும் மட்டும். நடுத்தெருவில், அத்தனை கூட்டத்தில், உள்ளே ஏதோ ஒன்று கிழிந்தது. அதற்கு எண் கிடையாது. முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அனு என் கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள், என்ன கத்துகிறாள் என்றால் ஜெர்மனில் கத்துகிறாள். பயத்தில் தமிழ் அவளை விட்டுப் போய்விட்டது. உதவி, உதவி என்கிறாள், ஜனம் அவளை வேடிக்கை பார்க்கிறது.

பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் கூடையைப் போட்டுவிட்டு வந்தாள். என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, “எங்க நோவுது, சொல்லு கண்ணு” என்றாள்.

“அடிவயிறு.”

“மாசத்து நோவா? ரத்தம் போவுதா?”

“ஆமா. தாங்க முடியல. ரொம்ப வருஷமா.”

“ரொம்ப வருசமாவா? வூட்ல யாரும் கேக்கலியா? இன்னா ஜனம்மா நீங்கள்லாம்!” என்று திட்டிக்கொண்டே ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினாள். அனுவைத் தூக்கி என் பக்கத்தில் உட்கார வைத்தாள். அந்தச் சென்னையில் என்னை நேராகக் கேட்டது அவள் ஒருத்திதான். நான் தமிழில் உண்மையைச் சொன்னதும் அவள் ஒருத்தியிடம்தான். பெயர்கூடத் தெரியாது.

நர்சிங் ஹோமில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த லேடி டாக்டர், சாக்லேட் சிஸ்ட், சாத்துக்குடி அளவு, வெடித்திருக்கிறது என்றார். பழைய ரத்தம் உறைந்து அந்த நிறத்தில் இருக்குமாம். குடலோடு எல்லாம் ஒட்டிப் போயிருந்தது. கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தாக வேண்டும் என்றார். நான் சரி என்றேன். நான் சொன்னால் போதாதாம், கணவர் கையெழுத்து வேண்டுமாம். கணவர் ஜெர்மனியில் இருக்கிறார் என்றால், ஃபேக்ஸ் வரவழையுங்கள் என்றார்கள். என் வயிறு, என் ரத்தம், கையெழுத்து ஸ்டுட்கார்டிலிருந்து வர வேண்டும். அக்கா உஸ்மான் ரோட்டில் ஃபேக்ஸ் கடையைத் தேடி ஓடினாள். மூன்று தடவை பேப்பர் சிக்கி, நான்காவது தடவை சேகரின் கையெழுத்து பாதி அழிந்து வந்தது. அதை வைத்துக்கொண்டு என்னை உள்ளே கொண்டுபோனார்கள்.

கண் விழித்தபோது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஆனாலும் முதலில் சொன்னது இதைத்தான். “கவலைப்படாதே. எல்லார்கிட்டயும் அல்சர் ஆபரேஷன்னு சொல்லிட்டேன். டிஸ்சார்ஜ் சீட்லகூட வயித்து ஆபரேஷன்னு மட்டும் எழுதச் சொல்லியிருக்கேன்.”

அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு இங்கே இன்சூரன்ஸ்காரர்கள் ஏழு மாதம் கடிதம் எழுதினார்கள். வயிற்றில் என்ன, எந்த உறுப்பு, ஏன் எழுதவில்லை? எங்கள் நாட்டில் அந்த உறுப்பை எழுத மாட்டோம் என்று பதில் போடலாமா என்று இருந்தது.

5

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு, திரும்புவதற்கு முந்தின நாள், தையல் இழுக்க இழுக்க, அக்கா பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், தனியாக அந்த வைத்தியரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். இவரால்தான் என்று ஒருவரைக் காட்டிவிட்டால் மனசு ஆறும் போலிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில், வாய்விட்டு, நோயின் பெயரோடு, நிறுத்திய மாத்திரையோடு. அவர் முகம் வெளுத்துப் போயிற்று. நோட்டை எடுத்துப் பக்கம் புரட்டி என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே எழுதியிருந்தது: ‘இரண்டாவது குழந்தை வேண்டி. வலி இல்லை.’

“இது சினைக்கு ஊட்டம் கொடுக்கற மருந்தும்மா. நீங்க சொல்ற வியாதி ஊட்டத்துலயே வளர்றது. வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இதைத் தொட்டிருக்கவே மாட்டேனே. ரத்தத்தைக் கட்டறதுக்கு வழியே வேற. நான் உங்களைப் பார்த்துத்தானே கேட்டேன்?”

கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

சண்டை போட வந்தவள் அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள் என்று நினைத்தேன். பொடியாலா, மாத்திரையை நிறுத்தியதாலா, எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் வெடித்திருக்குமா? ஸ்டுட்கார்ட் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்தக் கட்டி பல வருடமாக வளர்ந்தது, எட்டு வாரத்தில் வந்ததல்ல, எதனால் வெடித்தது என்று சொல்ல முடியாது என்றார். மறுபடியும் தெரியாது. இந்தத் தடவை அந்த வார்த்தையில் எனக்கு ஒரு நம்பிக்கையும் பிறக்கவில்லை.

அதனால் அக்காவுக்கு இன்று வரைக்கும் ஒன்றும் தெரியாது. அனுவுக்கு மாதாமாதம் வலிக்கிறது என்று நான் போனில் வாய் தவறிச் சொன்னதும், பாவம், லீவு போட்டு மயிலாப்பூர் போய், “அதே பொடிதான் வேணும், என் தங்கைக்கு முதல் மாசம் நல்லா கேட்டுது” என்று நாட்டு மருந்துக் கடையில் சொல்லி வாங்கி, உட்கார்ந்து தைத்து அனுப்பியிருக்கிறாள். அரக்கு முத்திரையோடு.

6

வெள்ளிக்கிழமை. அதே டாக்டரம்மா, தலை நரைத்துவிட்டது. அனுவுக்குக் கை கொடுத்து உட்கார வைத்தார். “எங்கே வலிக்கிறது?” என்று அவளைக் கேட்டார்.

“கொஞ்சம் வயிற்று வலிதான். எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்.”

சொன்னது நான். நல்ல ஜெர்மனில், இலக்கணம் பிசகாமல், என் வாய் சொல்லிவிட்டது. அனு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அக்கா வைத்தியரைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

டாக்டரம்மா மரியாதையாக, கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள் என்றார்.

வெளியே உட்கார்ந்தேன். கைப்பையில் வெள்ளைப் பொட்டலம். உள்ளே என் மகள் யாருக்கோ தன் வலியைச் சொல்கிறாள், அது என்னவென்று எனக்குத் தெரியாது. சாமி கும்பிடலாம் என்று பார்த்தால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அவளுக்கு இது வேண்டாம், வேறு என்ன வேண்டுமானாலும் வரட்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரை மணி கழித்துக் கூப்பிட்டார். சந்தேகம் இருக்கிறது, இந்த வயதில் உறுதியாகச் சொல்வது கஷ்டம், முதலில் ஸ்கேன் என்றார். பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன். பிரித்து முகர்ந்து பார்த்தார். “மூன்று வருடம் முன்னால் தெரிந்ததைவிட இன்றைக்கு எனக்கு அதிகம் தெரியாது. இதெல்லாம் ஒரு நாள் மருந்தாகலாம். சாப்பாட்டில் இருப்பது சாப்பாடு, அதைச் சாப்பிடட்டும். ஆனால் வளர்கிற பெண்ணுக்கு இப்படிப் பொடியாக, வேண்டாம்” என்றார்.

டிராமில் அனு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு நான்தான் கேட்டேன்.

“என்ன சொன்னே டாக்டர்கிட்ட?”

“எட்டு சொன்னேன். எவ்ளோ நாளான்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம் சொன்னேன்.”

“ரெண்டு வருஷமாவா? மூணு மாசம்தானே?”

“மூணு மாசமா உனக்குத் தெரியும்.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

அவளுக்குத் தமிழ் வார்த்தை தேடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சமையலறைத் தமிழ்தான் அவளுக்குத் தெரியும். உடம்புக்கு நான் எந்த வார்த்தையும் கொடுக்கவில்லை.

“உனக்கு அல்சர். ஏற்கெனவே வலி. நானும் சொன்னா நீ பாவம்.”

டிராம் முழுக்க வீடு திரும்புகிற ஜனம். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் சத்தமாகவே சொன்னேன். எனக்கு அல்சர் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. எனக்கும் அங்கேதான் வலித்தது. ரங்கநாதன் தெருவில் நீ கத்தினாயே, அது அதுதான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பொய் சொன்னோம். நானும் பெரியம்மாவும்.

அவள் அழவில்லை. “அப்போ இது உன்கிட்டேர்ந்து வந்ததா?”

“இருக்கலாம்.”

“எனக்கும் எடுப்பாங்களா?”

“தெரியலடி.”

“உனக்கு எவ்ளோ? நம்பர்?”

“ஒன்பது.”

ஒன்பது என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எங்கள் நிறுத்தம் வந்தது. கதவு திறந்து மூடியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

7

ஸ்கேன் அடுத்த புதன்கிழமை. அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது, அது போகட்டும்.

அக்கா, உன் பள்ளிக்கூட லைப்ரரிக்கு இந்தப் பத்திரிகை வரும். உனக்கு முன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் படித்திருப்பார், ஸ்டாஃப் ரூமே படித்திருக்கும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். இரண்டு தடவை உன் குரலைக் கேட்டதும் களியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீ ஒருத்தி சொன்ன பொய் இல்லை இது. ஸ்டூலில் உட்கார்ந்து தலையை ஆட்டியது நான். போன வெள்ளிக்கிழமை என் வாயில் வந்ததும் உன் வாக்கியம்தான், யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்காமலே வந்தது.

உளுந்து மாவு தீர்ந்தால் அனுப்பு. அனு இப்போது நல்லெண்ணெய் ஊற்றிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். வெள்ளைப் பொட்டலம் மட்டும் வேண்டாம். யாருக்கு, எதற்கு என்று தபாலாபீசில் கேட்டால் அல்சர் என்று சொல்லாதே அக்கா. குழந்தைக்கு வலி என்று சொல்.